சூளைமேல் ஏறிய தங்கக் குடை

போன மாதம் என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் இருவர் யாங்கோன் லான்மடாவில் என் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளைகள் என்று நான்தான் சொல்கிறேன். இருவருக்கும் காதோரம் நரைத்துவிட்டது. கையில் சுற்றுலாக்காரர்களுக்காகப் புதிதாக அச்சடித்த யாங்கோன் வரைபடம். அதில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சின்னக் கோபுரப் படம் போட்டு, பக்கத்தில் ‘பழைய பயா’ என்று எழுதியிருந்தது. பயா என்றால் பர்மிய மொழியில் கோயிலும் அதுதான், சாமியும் அதுதான்.

“சயா, இது எந்த ராஜா காலத்துது? கல்வெட்டு ஒண்ணும் கிடைக்கல. நீங்க அந்தப் பக்கம் ரொம்ப வருஷம் வேலை பாத்தவரு. ஒரு கட்டுரை எழுதிக் குடுத்தா எங்களுக்கு உபகாரமா இருக்கும்” என்றார்கள். சயா என்றால் இங்கே ‘ஐயா’ என்கிற மாதிரி.

எழுதுகிறேன் என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். அதை எந்த ராஜாவும் கட்டவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஓர் அரிசி ஆலைக் கம்பெனி கட்டியது. கும்பிடுவதற்காகவும் கட்டவில்லை. அவித்த நெல்லை உலர்த்துவதற்காகக் கட்டியது. அது பயாவாக ஆன கதையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. மாரியப்பன் என்கிற ஒருவரின் குடியிருப்பு அந்தக் கதையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதால், எழுதுவதற்கு முன் ஒரு வாரம் யோசித்தேன். யோசித்து முடித்துவிட்டுத்தான் இந்தத் தாளை எடுத்திருக்கிறேன்.

என் பெயர் சுல்தான். பாட்டனார் நாகூர்ப் பக்கத்திலிருந்து கைலி வியாபாரத்துக்கு வந்தவர். வாப்பா லான்மடா கடைத்தெருவில் பூட்டுக் கடை வைத்திருந்தார். எனக்கு வியாபாரம் வராது என்பதை வாப்பா முதல் பெருநாள் விற்பனையிலேயே கண்டுகொண்டு, கட்டடப் படம் வரையக் கற்றுக்கொள்ள அனுப்பினார். கற்றேன், அரசாங்க அரிசி ஆலைகளின் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் ஓவர்சியர் ஆனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

ஆலை லான்மடாவுக்கு மேற்கே ஆற்றின் கரையில் இருந்தது. செங்கல் சுவர், நாலு மாடி. கீழ் மாடிகளில் வார்ப்பிரும்புத் தூண்கள். ஒவ்வொரு தூணின் இடுப்பிலும் கிளாஸ்கோ என்று புடைப்பெழுத்து. மேல் மாடிகள் தேக்கு. தங்கள் ஊரில் ஓட்ஸ் அரைக்கும் ஆலை எப்படி இருக்குமோ அதையே வரைந்து, அளவை மட்டும் பெரிதாக்கிக் கட்டியிருந்தார்கள். ஊர் மாறிவிட்ட சேதியை வரைபடத்துக்கு யாரும் சொல்லவில்லை. பனி சறுக்கி விழுவதற்காகக் கூரை செங்குத்தாக நின்றது. என் காலத்தில் அதில் சறுக்கி விழுந்தவை புறாக் குஞ்சுகள். குளிர் நுழையாமல் இருக்க ஜன்னல்களைச் சிறிதாக வைத்திருந்தார்கள். குளிர் நுழையவில்லை, காற்றும் நுழையவில்லை. நெல்லை அவிக்கத் தனியாகத் தொட்டி எதற்கு, சித்திரை மாதம் மூன்றாம் மாடியில் கொட்டினால் போதாதா என்று ஆலையில் பேசிக்கொள்வோம்.

கூரையின் இரண்டு முனையிலும் எழும்பிய முக்கோணச் சுவர்களின் விளிம்பு சாய்வாக இல்லாமல் படி படியாக இருந்தது. எந்த மனிதனும் ஏறாத படிக்கட்டு. படிக்கு ஒன்றாகக் காக்கைகள் உட்கார்ந்திருக்கும். பின்னாளில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் ஆலையைப் பார்க்க வந்தபோது, தங்கள் ஊரில் இதற்குக் காக்கைப்படி என்றுதான் பெயர் என்றார். யாங்கோன் காக்கைகள் அதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை.

இனி சூளை. ஆலையின் வட முனையில் தனியாக ஒரு சதுரக் கோபுரம். அடியில் உமி எரிக்கும் அடுப்பு. அடுப்பிலிருந்து உள்சுவர் புனல் மாதிரி விரிந்துகொண்டே மேலே போகும். விரிந்து முடிந்த இடத்தில் ஓட்டை போட்ட இரும்புத் தகடுகளால் ஒரு தளம். அவித்த நெல்லை அந்தத் தளத்தில் பரப்புவார்கள். சூடு தகட்டு ஓட்டை வழியே ஏறி, நெல்லுக்குள் நுழைந்து, ஈரத்தைத் தூக்கிக்கொண்டு கூரை வழியாக வெளியே போகும். கூரை நாலு பக்கமும் சரிந்து குவிந்திருக்கும். குவிந்த இடத்தில் இன்னொரு குட்டிக் கூரை, அதற்கும் மேலே கூம்பு வடிவில் ஓர் இரும்புத் தொப்பி. தொப்பியின் ஒரு பக்கம் திறந்த வாய். வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு ஒரு வால் தகடு. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் வாலை மறுபக்கம் தள்ளும். வாலோடு வாயும் திரும்பிவிடும். காற்று வாய்க்குள் நுழையாது, உள்ளே இருக்கும் ஆவி சுகமாக வெளியேறும். நான் படம் வரைந்த எந்திரங்களிலேயே சம்பளமும் கேட்காமல் எண்ணெயும் கேட்காமல் வேலை செய்தது அது ஒன்றுதான்.

சூளைத் தளத்துக்கு ஏறும் படியடியில் எல்லோரும் செருப்பைக் கழற்றுவார்கள். நெல்லை மிதிக்கும் காலில் செருப்பு கூடாது என்பது எங்கள் தமிழ் ஆட்களின் வழக்கம். ஆணி அடித்த பூட்ஸ் தகட்டைக் கெடுக்கும் என்று வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் விதி போட்டதாகவும் சொல்வார்கள். கோபுரம் மாதிரி இருக்கிறதே, எதற்கு வம்பு என்பது பர்மியத் தொழிலாளர்களின் எண்ணம். காரணம் மூன்று, செருப்புக் குவியல் ஒன்று.

சூளைக்காரர் மாரியப்பன். என்னைவிட ஓரிரு வயது இளையவர். சூளையின் தெற்குச் சுவரில் சாய்த்துக் கட்டிய ஒற்றை அறையில் குடியிருந்தார். அடுப்பை விட்டுத் தூரம் போகக் கூடாது என்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் சூளைக்காரனுக்கென்றே கட்டிய அறை அது. அவருடைய அப்பாவும் சூளைக்காரர். மாரி பிறந்ததே அந்த அறையில்தான். மார்கழியில் அடுப்பு எரியும்போது அறையின் ஒரு சுவர் இளஞ்சூடாக இருக்கும். “யாங்கோன்ல சூடான சுவரு வச்சிருக்கிறவன் நான் ஒருத்தன்தான் பாய்” என்று பெருமையாகச் சொல்வார். அவரிடம் இருந்தது பிறந்த நாட்டிலேயே அந்நியன் என்று சொல்லும் அட்டை. அந்த அட்டையைப் பார்த்தபின் வாடகைக்கு வீடு கொடுப்பவர் அரிது. ஆலையில் வேலை இருக்கும் வரை அறை உண்டு. வேலை போனால் அவரும் மனைவியும் மகளும் தெருவில்தான்.

நாடே தெருவில் இறங்கிப் போராடிய எண்பத்தெட்டாம் வருஷம் ஆலை பல மாதம் ஓடவில்லை. அது எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இல்லாதவர்களுக்குச் சொல்லி முடியாது. வேலையில்லாத கைகள் சும்மா இருக்கவில்லை. ஆலையின் தலைமைத் தச்சர் ஊ போ, நல்ல மனிதர், தொழிலாளர்களின் புண்ணியச் சங்கத்துக்கும் தலைவர். கெட்ட காலம் நீங்க ஒரு நல்ல காரியம் செய்வோம் என்று சங்கம் முடிவெடுத்தது. புதிதாகக் கோபுரம் கட்ட வழியில்லை. தயாராக ஒரு கோபுரம் நின்றுகொண்டிருந்தது.

சூளைத் தொப்பிக்குத் தங்க நிறம் பூசினார்கள். விளிம்பில் சிறு மணிகள் கட்டினார்கள். பயாக்களின் உச்சியில் இருக்கும் குடையைப் போலவே ஆகிவிட்டது. இரண்டே இரண்டு குறைகள் ஊ போவின் கண்ணை உறுத்தின. ஒன்று வால்; வால் முளைத்த குடை எந்தப் பயாவிலும் கிடையாது. அதைக் கழற்றினார். இன்னொன்று, தொப்பி நின்ற இடத்தில் நிற்காமல் திரும்பிக்கொண்டிருந்தது. சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்து நிறுத்தி, கனத்த கம்பியால் இறுக்கிக் கட்டினார். பிக்குகளை அழைத்து ஓதவைத்து, எல்லோருக்கும் சோறு போட்டார்கள். நானும் சாப்பிட்டேன். மாரி கற்பூரம் கொளுத்தினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். இங்கே தலைகீழாக நடந்தது. ஆனால் குரங்கு பார்த்துவந்த வேலையைப் பிள்ளையார் செய்வாரா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுபடி ஆலை ஓடத் தொடங்கி, வடக்கே மாவ்பி வயல்களிலிருந்து புது நெல் வந்து இறங்கியது. அவித்துச் சூளையில் பரப்பினார்கள். அடியில் இருந்த நெல் கருகியது, மேலே இருந்த நெல் வியர்த்தது. அரைத்த அரிசி மஞ்சளாகப் புளித்த வாடை அடித்தது. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை சூளைக்குள் நெல் கிளறப் போன ஆள் மூச்சுத் திணறி வெளியே ஓடிவந்து படியில் உட்கார்ந்துவிட்டார்.

மானேஜர் வேறு இலாகாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். அதுவரை நெல்லைச் சோறாகத்தான் பார்த்திருந்தார். வர்ணம் பூசினால் எந்தக் கட்டடமும் சரியாகிவிடும் என்பது அவருடைய கொள்கை. சூளைக்கு ஏற்கெனவே வர்ணம் பூசியாகிவிட்டது, அதுவும் தங்க வர்ணம். ஆகவே கோளாறு கட்டடத்தில் இருக்க முடியாது, ஆளில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். மாரி குடித்துவிட்டு அடுப்பைப் பார்க்காமல் தூங்கியதாகப் பேச்சு கிளம்பியது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மாதக் கடைசியில் வேலையிலிருந்து நீக்கம், அறையைக் காலி செய்ய வேண்டும் என்று மானேஜர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். கட்டடத்தில் கோளாறு இல்லை என்று எங்கள் பிரிவு ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுத்தில் உத்தரவு அன்றே வந்துவிடும்.

நான் போய்ப் பார்த்தேன். தகடுகளைத் தட்டினேன், புனல் சுவரில் விரிசல் தேடினேன், அடுப்பின் வாயை அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்தது என்பதுதான் மாரிக்கு ஆபத்து. அவரிடமே கேட்டேன்.

“சாமி கோவம் பாய். அடியில நெருப்பப் போட்டு, மேல இருக்கிற சாமி மூஞ்சியில புகைய விட்டா அது சும்மா இருக்குமா? தினம் சூடம் கொளுத்துறேன். நம்ம முருகனா இருந்தா இந்நேரம் மனசு எறங்கியிருக்கும். இது பர்மாக்கார சாமி, எனக்கு அதுகிட்ட எப்படிப் பேசுறதுன்னு தெரியல.”

“மானேஜர்கிட்ட இதச் சொன்னியா?”

“சாமியக் குத்தம் சொல்லிட்டு இந்த ஆலைக்குள்ள நான் குடியிருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. எம் பொண்ணு வளந்து நிக்கிது பாய். அவள வச்சுக்கிட்டு எங்க போவேன்?”

என் மேலதிகாரியை வரச்சொன்னேன்.

டாவ் மியா எங்கள் பிரிவின் இன்ஜினியர். டாவ், ஊ, கோ எல்லாம் இங்கே பெயருக்கு முன்னால் வைக்கும் மரியாதைச் சொற்கள். என்னைவிட வயதில் சின்னவர். எல்லோரும் சயாமா என்று கூப்பிடுவோம், டீச்சரம்மா என்கிற மாதிரி. தோளில் ஒரு துணிப்பை. அதில் சாப்பாட்டு அடுக்கும், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக் குண்டும் எப்போதும் ஒன்றாகக் கிடக்கும். ஒருமுறை பூண்டுக் குழம்பு வாசனையோடு தூக்குக் குண்டு தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் உடனே உள்ளே நுழையமாட்டார். கோயிலை வலம் வருவது போல வெளியே ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒரே கேள்வியை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்பார். பதில் எதுவாக இருந்தாலும் “இருக்கலாம்” என்பார். ‘தப்பு’ என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிவார். ஒரே நாளில் இரண்டு முறை முடிந்தால் நாங்கள் எல்லோரும் வேறு வேலை தேடிக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

அன்று சூளையைச் சுற்றி வந்தார். மாரி குடிகாரர் என்று மானேஜர் சொன்னார். “இருக்கலாம்.” சாமி கோபம் என்று மாரி சொன்னார். “இருக்கலாம்.” கட்டடத்தில் எனக்குத் தெரிந்து கோளாறு இல்லை என்று நான் சொன்னேன். “இருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே கொண்டையை முடிந்தார். பிறகு, குடைக்கு முன்னால் ஏற்றுவதற்கு வைத்திருந்த ஊதுபத்திக் கட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தளத்துக்கு ஏறினார்.

அடுப்பை மிதமாக எரியவிடச் சொன்னார். தளத்தின் ஓரத்தில் நின்று ஊதுபத்தி ஏற்றித் தலைக்கு மேலே பிடித்தார். வந்து நின்ற தொழிலாளர்கள் சயாமா பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து, அவர்களும் கைகூப்பினார்கள். நான் மட்டும் புகையைப் பார்த்தேன். புகை மேலே போகவில்லை. கொஞ்சம் எழும்பியது, தயங்கியது, பிறகு கவிழ்ந்து எங்கள் தலைமேலேயே இறங்கியது. டாவ் மியா நாலு மூலைக்கும் போய் அதையே செய்தார். நாலு மூலையிலும் தொழிலாளர்கள் பக்தியோடு பின்தொடர்ந்தார்கள்.

கீழே இறங்கி வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “நெல்லு உலர்த்துறது எந்த மாசம்?”

“அறுப்பு முடிஞ்ச பின்னாடி, குளிர்காலத்துல, சயாமா.”

“அப்போ காத்து எங்கேருந்து?”

“வடகிழக்கு.”

அவர் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். தங்கக் குடை கிழக்கே வாயைத் திறந்துகொண்டு, அடிக்கிற காற்றை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. வெளியே போக வேண்டிய ஆவியை அந்தக் காற்று நெல்மேலேயே திருப்பி அமுக்கியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் தொந்தரவு. ஒரு கம்பியை வெட்ட வேண்டும், அவ்வளவே. ஆனால் பிக்குகள் ஓதி ஏற்றிய குடையில் யார் கை வைப்பது? மாரி இந்து, நான் முஸ்லிம். எங்கள் இருவரில் ஒருவர் வெட்டிரும்போடு அந்தக் கூரையில் ஏறினால் என்ன நடக்கும் என்று யோசிக்க எனக்கு நேரமே பிடிக்கவில்லை. பயாதான் நெல்லைக் கெடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட மானேஜரும் முன்வரமாட்டார். மாரியின் மனைவி அதற்குள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டார். அந்தச் சத்தம் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.

டாவ் மியா யாரையும் கண்டிக்கவில்லை. மறுநாள் காலை ஊ போவை ஷ்வேடகோன் பயாவுக்குக் கும்பிட அழைத்தார். தூரக்கண்ணாடியைத் தூக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் வரச்சொன்னார். தூரக்கண்ணாடி ஒரு கைக்கு அடக்கம்.

மேடையில் பூவும் நீரும் படைத்துக் கும்பிட்டு முடித்தபின், தூரக்கண்ணாடியை ஊ போவிடம் கொடுத்து உச்சியைக் காட்டினார்.

“குடைக்கு மேல, மொட்டுக்குக் கீழ, தகடு மாதிரி இருக்கே, அது என்ன ஊ போ?”

“காத்துக்கொடி, சயாமா. சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.”

“அசையாம நிக்கிதா?”

ஊ போ வெகுநேரம் பார்த்தார். “திரும்புது.”

“எந்தப் பக்கம்?”

“காத்து போற பக்கம்.”

“அது திரும்புறதனால இந்தப் பயாவுக்கு ஏதாவது குறை உண்டா?”

“ஐயோ, அப்படிச் சொல்லலாமா.”

“நம்ம குடையில அந்தக் கொடி எங்க?”

ஊ போ தூரக்கண்ணாடியைக் கீழே இறக்கினார். “இருந்துச்சு, சயாமா. நான்தான் வாலுன்னு நினைச்சுக் கழட்டிட்டேன்.”

“இருக்கலாம்” என்றார் டாவ் மியா.

வரும் வழியில் ஊ போ டாவ் மியாவுக்குப் பின்னால் தள்ளியே நடந்தார். கடைசியில் என்னிடம் மட்டும், “அந்தத் தகடு என் வீட்டுல தண்ணிப் பானைக்கு மூடியா இருக்கு, கோ சுல்தான்” என்றார். அன்று மதியமே அதைப் பானையிலிருந்து எடுத்து, தேய்த்துக் கழுவி, பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தார். கொடி இல்லாமல் ஏற்றிய குடை முழுமை பெறாது என்று சங்கத்தைக் கூட்டிச் சொன்னார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. இவ்வளவு நாள் யாரும் கவனிக்கவில்லையே என்று ஒருவரை ஒருவர் கடிந்துகொண்டார்கள். மறுபடி பிக்குகள் வந்தார்கள், மறுபடி சோறு போட்டார்கள். கம்பியைக் கட்டிய ஊ போவே கூரையில் ஏறிக் கம்பியை வெட்டினார். ஸ்காட்லாந்துக்காரர் அடித்த அதே ஓட்டைகளில், தங்கம் பூசிய அதே தகட்டை மாட்டினார். தொப்பி முனகியது. பிறகு மணிகள் குலுங்க மெல்லத் திரும்பி, காற்றுக்கு முதுகு காட்டி நின்றது. கீழே எல்லோரும் கைகூப்பினார்கள். டாவ் மியா தளத்தில் நின்று இன்னொரு ஊதுபத்தி ஏற்றினார். இந்தத் தடவை புகை நேராக மேலே போனது. நானும் ஒரு கணம் கைகூப்பியிருப்பேன். அந்தப் புகையை அவ்வளவு பிடித்திருந்தது.

அடுத்துப் பரப்பிய நெல் பதமாகக் காய்ந்தது. நெல் கெட்டதற்குக் காரணம் பருவநிலை என்று மானேஜர் மேலே தெரிவித்தார். காற்றும் பருவநிலைதானே, பொய் என்று சொல்ல முடியாது. மாரியின் மனைவி பாத்திரங்களைச் சாக்கிலிருந்து எடுத்து மறுபடி அடுக்கினார். மாரி மட்டும் கடைசிவரை தன் கொள்கையை விடவில்லை. “கொடி இல்லாமத்தான் சாமிக்குக் கோவம் பாய். நான் சொன்னேன்ல?” என்பார். டாவ் மியாவைப் போல நானும் “இருக்கலாம்” என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

சில வருஷம் கழித்துத்தான் நான் முன்பு சொன்ன ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். வயதானவர், ஆலை கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவராம். சூளையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தன் ஊரில் ஓட்ஸ் காய வைக்க இதேபோல ஒன்று இருந்தது என்றும், தலையில் இதே தொப்பி என்றும் சொன்னார். தங்கமும் மணியும் அங்கே உண்டா என்று மாரி என் மூலமாகக் கேட்டார். இல்லை என்றார் அவர். மாரிக்கு அந்த ஊர்க்காரர்கள்மேல் இரக்கம் வந்தது.

நான் ஓய்வு பெற்றேன். டாவ் மியாவும் ஓய்வு பெற்றார். ஊ போ காலமானார். பிறகு நர்கீஸ் புயல். விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தேன். பனிக்காகக் கட்டிய கூரை காற்றில் போய்விட்டிருந்தது. காக்கைப்படிச் சுவர் ஒன்று இடிந்து ஆலைக்குள்ளேயே விழுந்திருந்தது. காக்கைகள் மிச்சம் இருந்த படிகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தன. சூளை மட்டும் நின்றது. இரவெல்லாம் மணிச்சத்தம் நிற்கவே இல்லை, குடை பம்பரமாகச் சுற்றியது என்றார் மாரி. திரும்பத் தெரிந்திருந்ததால் அது பிழைத்தது.

ஆலை இனி உதவாது என்று சொல்லி, எந்திரங்களை ஊருக்கு வடக்கே ஷ்வேப்யிதாவுக்குக் கொண்டுபோனார்கள். தொழிலாளர்களும் அங்கே குடிபெயர்ந்தார்கள். அங்கே நெல் உலர்த்த மின்சார எந்திரம் வந்துவிட்டது, சூளைக்காரர் தேவையில்லை. இடம் ஒரு கம்பெனி கைக்கு மாறியது. கிடங்கு கட்டப் போகிறார்களாம். மாரியின் மகள் அதற்கு முன்பே கல்யாணமாகி மாவ்பிக்குப் போய்விட்டிருந்தாள். மாரியும் மனைவியும் அந்த அறையில் இருந்தார்கள். மறுபடி பாத்திரங்கள் சாக்குக்குள் போயின.

இடிக்கிறவர்கள் தூண்களை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், தேக்கைத் தனியாக விற்றார்கள். அந்தத் தூண்களை நான் ஒவ்வொன்றாக அளந்து வரைந்தவன். கிளாஸ்கோ எழுத்து துண்டு துண்டாக லாரியில் ஏறியதைப் பார்க்க முடியாமல் திரும்பி நின்றேன். கடைசியாகச் சூளைக்கு வந்தார்கள். இடிக்க வந்த கூலி ஆட்கள் வடக்கே கிராமத்திலிருந்து வந்தவர்கள். அண்ணாந்து பார்த்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், மண்டியிட்டுக் கும்பிட்டார்கள், கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கான்ட்ராக்டர் வேறு கூட்டத்தைக் கொண்டுவந்தார். அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது கூட்டம் பூ வாங்கிக்கொண்டு வந்தது.

பழைய ஓவர்சியர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, கான்ட்ராக்டர் என்னை வரவழைத்தார். இளவயதுக்காரர், மரியாதையானவர்.

“சயா, இந்த ஆலைய அளந்து வரைஞ்சவரு நீங்கதானாம். நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன். இது பயாவா, ஆலையில ஒரு பகுதியா?”

அறை வாசலில் மாரி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சுருட்டிய பாய், சாக்கு மூட்டை. சாக்கின் கட்டை இறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

நான் பொய் சொல்லவில்லை. “குடை ஏத்தினப்போ பிக்குகள் வந்து ஓதினாங்க. ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் நான் அங்க சாப்பிட்டேன்” என்றேன்.

“அதுக்கு முன்னாடி?”

“எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து இதுல யாரும் செருப்புப் போட்டு ஏறி நான் பாத்ததில்ல.”

அவர் யோசித்தார். இன்ஜினியரம்மா ஒருவர் இருந்தாராமே, அவரையும் கேட்டுவிடலாம் என்றார். தொலைபேசியில் டாவ் மியாவைப் பிடித்தோம். இது பழைய பயாவாக இருக்குமா என்று கான்ட்ராக்டர் பணிவோடு கேட்டார். மறுமுனையில் தொலைபேசியை மேசையில் வைக்கும் சத்தம். கொண்டையை முடிகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் சொன்ன ஒற்றைச் சொல் எனக்கும் கேட்டது.

“இருக்கலாம்.”

கான்ட்ராக்டர் சூளையைச் சுற்றி வேலி போட்டார். அவரே செலவு செய்து வெள்ளையடித்தார். பயா என்றால் பெருக்கித் துடைக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா? ஆள் ஏற்கெனவே அங்கே இருந்தார், அறையும் இருந்தது, அறை வேலிக்குள்ளேயே இருந்தது. மாரி சாக்கை அவிழ்க்க உள்ளே போனார். நான் வெளியே நின்று சூளைச் சுவரில் கை வைத்துக்கொண்டு அழுதேன். வயதானால் இப்படி ஆகிவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். படைத்த வாழைப்பழத்தில் எனக்கு இரண்டு கொடுத்தார். “எல்லாம் சௌரியமா இருக்கு பாய். அடுப்பு இல்லாததால மார்கழியில சுவரு சில்லுன்னு இருக்கு, அது ஒண்ணுதான் கொறை” என்றார். மேலே குடை மணியோடு ஒருமுறை திரும்பிக்கொண்டது. பயாவைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. “உண்மைய எழுதுவீங்களா?” என்று கேட்டார். எழுதுவேன் என்றேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதோ எழுதிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. என்னிடம் கட்டுரை கேட்ட பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. இடத்தைக் கையில் வைத்திருக்கும் கம்பெனிக்காரருக்கும் தெரியாது. மாரிக்கு எழுத்து வாசிக்க வராது. அவர் மகள் தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள், படிப்பது பர்மிய எழுத்து மட்டுமே. என் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான். இந்த ஊரில் ஒரு விஷயத்தைப் பத்திரமாக எழுதிவைக்கத் தமிழைவிட நல்ல இடம் இப்போது இல்லை. அதை எழுதும்போது எனக்குத் துக்கமாகவும் இருக்கிறது, நிம்மதியாகவும் இருக்கிறது. வாசிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரும் பர்மிய மொழியில் பெயர்க்க வேண்டாம். மாரி இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறார்.